பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கேமரா

2007-ல் அப்பா தறியை விடுவதாக முடிவு செய்தார். மிதிக்கட்டையை மிதிக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். கூலி கட்டுப்படியாகவில்லை என்பது சொல்லாத காரணம். கையில் இருக்கும் பாவு முடிய இன்னும் இருபது நாள் ஆகும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: காஞ்சிபுரத்து வீட்டில் நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் எளிது. மாமாவிடம் ஒரு அக்ஃபா கிளிக் 3 இருந்தது. அந்தக் காலத்து இந்திய நடுத்தரக் குடும்பங்களில் பலவற்றுக்கு அதுதான் முதல் கேமரா. கறுப்புப் பெட்டி, 120 ரோல், பன்னிரண்டு படம். வெயிலா மேகமா என்று பார்த்துத் திருப்பி வைக்க வேண்டியது, அவ்வளவுதான். வீட்டுக்குள் என்று ஒரு நிலை அதில் கிடையாது. ஃபிளாஷ் மாட்டலாம்தான், ஆனால் ரோலுக்கே காசு பார்த்த வீட்டில் பல்புக்கு யார் செலவு செய்வது? அதனால் எங்கள் ஆல்பம் முழுக்க மொட்டைமாடியிலும் கோயில் மதில் ஓரத்திலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் மனிதர்கள். நடையைத் தாண்டி உள்ளே, குழித்தறி இருந்த இருட்டுக்கு அந்தப் பெட்டி போகவே இல்லை.

எனக்குச் சென்னையில் சின்ன வேலை. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று தீர்மானித்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். சட்டைப்பையில் போகிற கேமராவாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பெரிய கேமராவைக் கண்டால் அப்பா விறைத்துவிடுவார், கல்யாண போட்டோவில் நிற்பதுபோல. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, அன்று நான் ஏறி இறங்கிய எல்லாக் கடையிலும் கேட்ட அதே கேள்வி: "எத்தனை மெகாபிக்சல் பாக்கறீங்க? ஏழு இருக்கு, எட்டு இருக்கு. ஆறு வேணாம் சார், ஓல்டு மாடல்."

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டும்.

விலை குறைந்த கேமரா செய்கிறவன் முதலில் எடுக்கும் முடிவு எதை விட்டுவிடுவது என்பதுதான். 1900 பிப்ரவரியில் ஈஸ்ட்மன் கோடக் பிரௌனி என்ற பெட்டியை ஒரு டாலருக்குக் கொண்டுவந்தது. உடல் அட்டை. லென்ஸ் ஒற்றைக் கண்ணாடி, ஃபோகஸ் செய்ய வழியில்லை. எட்டிப் பார்க்கத் துளைகூட இல்லை. பெட்டியின் மேலே V வடிவத்தில் கோடு போட்டிருந்தார்கள், அதன் வழியே குத்துமதிப்பாகக் குறி பார்க்க வேண்டும். ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். முதல் வருஷத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. விட்டுவிட்டதை எதையும் வாங்கியவர்கள் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களிடம் அதற்குமுன் கேமராவே இருந்ததில்லை.

சட்டைப்பைக்குள் கேமரா நுழைந்தது 1912-ல். வெஸ்ட் பாக்கெட் கோடக், மடக்கினால் கோட்டுக்குள் போடும் வெஸ்டின் பையில் அடங்கிவிடும். முதல் உலகப்போரின்போது அதை "சிப்பாயின் கேமரா" என்று விளம்பரம் செய்தார்கள். போர்முனைக்குக் கேமரா கொண்டுபோகக் கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவம் தடை போட்டும் பைகளுக்குள் அது போய்க்கொண்டுதான் இருந்தது. இந்தக் கேமராவின் புகழ்பெற்ற பிரதி ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. 1924-ல் எவரெஸ்ட் உச்சிக்குப் புறப்பட்ட ஜார்ஜ் மாலரியிடம் ஹோவர்ட் சோமர்வெல் தன்னுடைய வெஸ்ட் பாக்கெட் கோடக்கைக் கொடுத்தனுப்பினார். மாலரியும் அர்வினும் திரும்பவில்லை. 1999-ல் மாலரியின் உடல் கிடைத்தது, கேமரா இல்லை. இருவரும் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கலாம் என்று இன்றும் தேடுகிறார்கள். இரவல் கொடுத்த சோமர்வெல் வேறு யாருமில்லை, அப்போது திருவிதாங்கூரிலும் இப்போது கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கிற நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டராகப் பல வருஷம் அறுவை சிகிச்சை செய்தவர், கடைசியில் வேலூர் சிஎம்சியிலும் பணியாற்றியவர். நம்ம ஊர் டாக்டரின் கேமரா என்று நான் உரிமை கொண்டாடிக்கொள்வதுண்டு.

ஃபிலிம் இல்லாத கேமராவும் கோடக்கில்தான் பிறந்தது. ஒளியை மின்னூட்டமாகப் பிடித்து வரிசை வரிசையாக நகர்த்தித் தரும் சிசிடி என்ற சில்லை 1969-ல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்தார்கள் (நோபல் பரிசு வர 40 வருஷம் ஆனது). அதை வைத்து 1975 டிசம்பரில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் ஒரு பெட்டியை ஒட்டுப்போட்டுச் செய்தார். எடை 3.6 கிலோ. நீளம் 100, அகலம் 100, மொத்தம் 10,000 புள்ளி. ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 வினாடி. இன்றைய கணக்கில் 0.01 மெகாபிக்சல். புள்ளிகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அன்றைக்கு அது நியாயமானதும்கூட: பத்தாயிரம் புள்ளியில் ஒரு முகம் யாருடையது என்றே சொல்வது கஷ்டம்.

1995-ல் கேசியோ க்யூவி-10 வந்தது. படம் 320-க்கு 240, அச்சுப் போட்டால் தபால்தலை. ஆனால் முதுகில் ஒரு சின்னத் திரை, எடுத்ததை அங்கேயே பார்த்துவிடலாம். நாமெல்லாம் டிஜிட்டல் கேமரா என்று நினைத்துக்கொள்ளும் உருவம் அதுதான். 2000-ல் கேனன் டிஜிட்டல் இக்ஸஸ் 2 மெகாபிக்சலை ஒரு சீட்டுக்கட்டு அளவுக்கான உலோகப் பெட்டிக்குள் அடக்கியது. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு படியாக 3, 4, 5, 6 என்று எண் ஏறியது. அந்த ஏற்றம் ஆறு வரைக்கும் அர்த்தமுள்ளது. 6 மெகாபிக்சல் படம் சுமார் 2848-க்கு 2136 புள்ளி. நல்ல தரத்தில் ஒன்பது அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். நாமோ நாலுக்கு ஆறு போடுகிறவர்கள். அதற்குமேல் பத்துக்குப் போனால் எண் பிரமாதமாகத் தெரியும், பக்கவாட்டில் அளந்தால் படம் 28 சதவீதம்தான் பெரிதாகியிருக்கும்.

இதில் கடைக்காரரும் சொல்லாதது, பெட்டியிலும் பெரிய எழுத்தில் போடாதது சென்சாரின் அளவு. அதைச் சொல்லும் முறையே ஒரு கூத்து. 1/2.5 அங்குலம் என்று போட்டிருக்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் அந்த அளவு எங்கும் வராது. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துப் பேசிய கணக்கு அது, குழாய் போன பிறகும் ஒட்டிக்கொண்டது. 1/2.5 என்பது நிஜத்தில் ஏறத்தாழ 5.8-க்கு 4.3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 35 எம்எம் ஃபிலிமின் ஒரு கட்டத்தில் இதுபோல முப்பத்தைந்தை அடுக்கலாம். அந்த நகத்துக்குள் ஆறு பேர் உட்கார்ந்த இடத்தில் எட்டு பேரை நெருக்கினால் ஆளுக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும். வெயிலில் வித்தியாசம் தெரியாது. குழித்தறி இருக்கும் அறையில் தெரியும்.

இதை யோசித்துச் செய்த பாக்கெட் கேமரா ஒன்று அப்போது இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ஃபுஜிஃபில்ம் 2005-ல் எஃப்10, 2006-ல் எஃப்30 என்று இரண்டு கொண்டுவந்தது. மற்றவர்கள் எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தபோது இவர்கள் 6.3-லேயே நின்று, சென்சாரை மட்டும் பெரிதாக்கினார்கள். 1/1.7 அங்குலம், அதாவது பரப்பில் முக்கால் மடங்கு கூடுதல். ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏற்றினாலும் படம் சிதையவில்லை. மற்ற குட்டிக் கேமராக்கள் 400-லேயே மூச்சு வாங்கின. இருட்டில் படம் எடுக்கிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். ரிச்சி தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு எஃப்30 இருந்தது. என் பத்தாயிரத்துக்குள்ளேயே வந்தது.

நான் வாங்கவில்லை. மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஒன்று, பழசு. 2005 அக்டோபரில், சோனி செய்த சிசிடிகளில் ஒரு பகுதி சூட்டிலும் ஈரப்பதத்திலும் பழுதாகிறது என்று சோனி, கேனன், நிக்கான் உட்படப் பல கம்பெனிகள் அடுத்தடுத்து அறிவித்திருந்தன. திரை கறுப்பாகும், இல்லை ஊதாக் கோடு ஓடும். சூடும் ஈரமும் சேர்ந்த ஊர் என்றால் சென்னைதான். 2006 மாடலுக்கும் அந்தப் பழுதுக்கும் சம்பந்தமில்லை என்று யோசிக்க அன்று நிதானம் இல்லை. இரண்டு, அது கேட்ட எக்ஸ்டி கார்டு. ஃபுஜியும் ஒலிம்பஸும் தவிர யாரும் தொடாதது, எஸ்டி கார்டைவிட விலை கூடியது. இந்தப் பயம் சரிதான், சில வருஷத்தில் எக்ஸ்டி செத்துப்போனது. மூன்றாவது காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. எட்டை விட்டுவிட்டு ஆறை, அதுவும் அடுத்தவன் பயன்படுத்தின ஆறை, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. முதல் சம்பளக்காரனின் வீம்பு.

புத்தம்புது எட்டு மெகாபிக்சல் வாங்கினேன். கம்பெனி பெயர் எதற்கு, அந்த விலையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே குட்டை. பெட்டியோடு வந்த கார்டில் பத்துப் படம்கூட நிற்காது, தனியாக ஒன்று வாங்க வேண்டும். சாதாரண பென்டார்ச் செல் போட்டால் இருபது படத்தில் படுத்துவிடும், அதனால் சார்ஜ் செய்கிற செல் நாலு, சார்ஜர், உறை. பத்தாயிரத்தில் கேமராவுக்கென்று போனது முக்கால்வாசிதான். குறைந்த காசில் கேமரா வாங்கப் போகிற எவருக்கும் இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: மொத்தத்தில் கால் பங்கைக் கடைக்குள் நுழையும் முன்பே கழித்துவிடுங்கள்.

வீட்டில் முதல் படம் ஃபிளாஷோடு எடுத்தேன். ஜரிகை முழுக்க வெள்ளையாகப் பற்றி எரிந்தது, அப்பாவின் முகம் எண்ணெய் வழிந்தது, பின்னால் பாவு கறுப்புக்குள் போய்விட்டது. ஃபிளாஷை அணைத்து ஐஎஸ்ஓ 800 வைத்தேன். முகமெல்லாம் மிளகாய்த்தூள் தூவினாற்போலப் புள்ளி. 400-க்கு இறக்கினால் ஷட்டர் வினாடியில் எட்டில் ஒரு பங்கு திறந்திருக்கிறது. கேமராவை அரிசி டின் மேல் வைத்தேன். என் கை ஆடுவது நின்றது, அப்பாவின் கை நிற்குமா?

"ஒரு நிமிசம் கையை அசைக்காம இருப்பா."

"தறியில உக்காந்துகிட்டு கையை அசைக்காம இருக்கறதுக்கு நான் எதுக்குடா? கொலுபொம்மையை வெச்சு எடு."

சொல்லிவிட்டு நாடாவை வீசினார். நாற்பது, ஐம்பது படம் எடுத்திருப்பேன். தறி தெளிவாக இருக்கிறது, பாவின் இழை எண்ணலாம், தோளில் கிடக்கும் துண்டு தெரிகிறது. கை இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல ஒன்று. எஃப்30-ல் 1600 வைத்திருந்தால் முப்பதில் ஒரு பங்கில் எடுத்திருக்கலாம். அதிலும் நாடா கலங்கியிருக்கும், விரல் கிடைத்திருக்கும்.

அதே 2007-ல் ஃபுஜிஃபில்மும் அந்த வரிசையில் அடுத்ததாக 12 மெகாபிக்சலில் எஃப்50எஃப்டி கொண்டுவந்தது. சென்சார் ஏறக்குறைய அதே அளவு. ஆறைக் கொண்டாடியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவர்களைவிடக் கடையில் எண் கேட்கிறவர்கள் அதிகம் என்பது கம்பெனிக்குத் தெரியாதா? என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 2010-ல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடி, பெரும்பகுதி சட்டைப்பை ரகம். 2020-ல் எல்லா வகையும் சேர்த்து 90 லட்சம்கூட இல்லை. நடுவில் செல்போன் வந்து விழுங்கிவிட்டது. அந்தச் செல்போன்கள்தான் நகத்தைவிடச் சின்னச் சென்சாரில் பல படங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு இருட்டைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டன என்பது வேறு கதை.

இப்போது இருபது வயசுப் பிள்ளைகள் பழைய சிசிடி கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள், விலை ஏறிக் கிடக்கிறது. போன வருஷம் எனக்கும் ஒரு எஃப்30 கிடைத்தது, 2007-ல் வேண்டாமென்று விட்ட விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து. எக்ஸ்டி கார்டுக்கு இன்னும் இரண்டு மாதம் அலைந்தேன். காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போனேன். தறிக்குழியை எப்போதோ மூடி சிமெண்ட் பூசியாகிவிட்டது, அங்கே தம்பியின் ஸ்கூட்டர் நிற்கிறது. அப்பா கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எத்தனைடா?"

"ஆறு."

"அன்னைக்கு வாங்கினியே, அதுல?"

"எட்டு."

"எட்டுல வராததா ஆறுல வரப்போவுது?" என்று சிரித்துவிட்டுக் கையில் கொடுத்தார்.