ஒயிட் கோல்டு என்பது தங்கமா, பிளாட்டினமா? வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வைர மோதிரம் வாங்க நகைக்கடைக்குப் போனால், வெள்ளி போல மின்னும் மோதிரத்தைக் காட்டி 'இது ஒயிட் கோல்டு' என்பார்கள். பார்த்தால் வெள்ளி மாதிரி, விலையோ தங்க விலை. அப்படி இதில் என்னதான் இருக்கு?

எப்படி வெள்ளையாகிறது?

பூமியில் வெள்ளை நிறத்தில் தங்கம் கிடைப்பதில்லை. மஞ்சள் தங்கத்துடன் பல்லேடியம், நிக்கல், வெள்ளி போன்ற வெள்ளை உலோகங்களைச் சேர்த்து உருக்கினால் மஞ்சள் நிறம் வெளுக்கும். இதுதான் ஒயிட் கோல்டு. 22 கேரட்டில் மற்ற உலோகங்களுக்கு 8.4 சதவீதம்தான் இடம். நிறம் மாற அது போதாது. அதனால் ஒயிட் கோல்டு பெரும்பாலும் 18 அல்லது 14 கேரட்டில்தான் செய்யப்படுகிறது.

கலந்த பிறகும் லேசான மஞ்சள் சாயல் மிச்சம் இருக்கும். அதை மறைக்க, மேலே ரோடியம் என்ற உலோகத்தால் முலாம் பூசுவார்கள். கடையில் நாம் பார்க்கும் பளபளப்பு இந்தப் பூச்சுதான்.

நிறம் மங்கினால் போலியா?

இல்லை. தினமும் போடும் மோதிரத்தில் ஓரிரு வருடங்களில் ரோடியம் தேய்ந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் சாயல் தெரிய ஆரம்பிக்கும். மறுபடியும் முலாம் பூசினால் பழைய நிறம் வந்துவிடும். இந்தச் செலவு அவ்வப்போது வரும் என்பதை வாங்கும்போதே கணக்கில் வைக்கணும்.

வைரத்துக்கு ஏன் இது?

வெள்ளைப் பின்னணியில் வைரத்தில் மஞ்சள் சாயல் பிரதிபலிக்காது. 22 கேரட்டைவிட உறுதி என்பதால் கல்லையும் இறுக்கமாகப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பிளாட்டினத்தை ராணுவத் தேவைக்கு ஒதுக்கியதால், அங்கே நகை செய்பவர்கள் ஒயிட் கோல்டு பக்கம் திரும்பினார்கள். ஆனால் பிளாட்டினம் வேறு உலோகம். அதற்கு முலாமும் தேவையில்லை.

பில்லில் என்ன பார்க்கணும்?

8 கிராம் எடையுள்ள 22 கேரட் நகையில் சுமார் 7.33 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும். அதே எடை 18 கேரட் ஒயிட் கோல்டில் 6 கிராம்தான். எனவே பில்லில் 18 கேரட் ரேட் போட்டிருக்கிறார்களா, கல் எடையைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்க. பின்னாளில் மாற்றும்போதும் தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பு. செய்கூலியும் முலாம் செலவும் திரும்பி வராது.

நகையில் பிஐஎஸ் முத்திரை, தூய்மை எண், 6 இலக்க ஹெச்யுஐடி குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தூய்மை எண் 18 கேரட்டுக்கு 750, 14 கேரட்டுக்கு 585. ஹெச்யுஐடி குறியீட்டை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

அலர்ஜி இருக்கா?

சிலருக்கு நிக்கல் பட்டால் தோல் அரிக்கும், சிவக்கும். நகைகளில் இருந்து வெளியாகும் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பே வைத்திருக்கிறது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள், பல்லேடியம் கலந்த ஒயிட் கோல்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மொத்தத்தில், ஒயிட் கோல்டும் தங்கம்தான். ஆனால் அதன் மதிப்பைச் சொல்வது பளபளப்பு இல்லை, உள்ளே பொறித்திருக்கும் அந்த எண்!