200க்கு எத்தனை?

என் பேரன் கணினியில் 'ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர்' ஆடுவான். ஃபின்லாந்துக்காரர் ரிஸ்டோ ரெமெஸ் உருவாக்கியது. 2004ல் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐஸ் ஹாக்கி அணியை நாமே கட்டவேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் உள்ளே இரண்டு எண்கள்: இன்றைய திறமை, எட்டக்கூடிய உச்சம். இரண்டும் 200க்கு. உச்சத்தைத் தாண்டி யாரும் வளர முடியாது.

நிஜத்தில் அந்த இரண்டாவது எண் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. 1999 என்.எச்.எல். டிராஃப்டில் அட்லாண்டா அணி முதல் ஆளாக எடுத்தது செக் இளைஞர் பாட்ரிக் ஸ்டெஃபானை. அவர் நட்சத்திரம் ஆகவில்லை. 2007க்குப் பிறகு அந்த லீக்கிலேயே ஆடவில்லை. அதே டிராஃப்டில் டெட்ராய்ட் 210வதாக எடுத்தது ஸ்வீடனின் ஹென்ரிக் செட்டர்பெர்க்கை. அவர் சொந்த நாட்டிலேயே ஆடித் தேறி, 2002ல்தான் டெட்ராய்ட் வந்தார். 2008ல் அணி ஸ்டான்லி கோப்பை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த வீரர் அவரே. கூட ஆடிய பாவெல் டட்சூக், 1998ல் 171வது தேர்வு. காத்திருந்த அணிக்குக் கிடைத்த பலன் இது.

வேலையில் இருந்தபோது நானும் இளைஞர்களுக்கு சி.ஆர். எழுதியவன்தான். ஒருவருக்கு, 'மேலும் வளர வாய்ப்பு குறைவு' என்று எழுதினேன். அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. சில வருடம் கழித்து வேறொரு கிளையில் அவர் வேலை செய்த நேர்த்தியைப் பார்த்து அசந்துபோனேன். அவர் எழுந்து நின்று, "வாங்க சார்" என்று காபி வரவழைத்தார். எழுதியது நான்தான் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.