இட்ட பெயரும் பெற்ற பெயரும்



பெயர் என்பது ஒருவரைப் பிறரினின்று பிரித்தறிய இடும் அடையாளம் என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். நம் இலக்கண நூலார் அதனினும் ஆழ்ந்து நோக்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுக்கும். காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறிப்பெயர். ஒரு காரணம்பற்றி வந்தது காரணப்பெயர். இவையன்றி, பெற்றோர் இடும் இயற்பெயர், குருவருளால் எய்தும் தீக்கைப்பெயர், அரசர் சூடும் விருதுப்பெயர், உலகோர் உவந்து அழைக்கும் புகழ்ப்பெயர் என வழக்கிலே பல உள. இவற்றின் வேறுபாட்டை நூலால் உணர்வதினும் ஒரு வாழ்வால் உணர்வது எளிது. அவ்வாழ்வு நம் அப்பர் பெருமானுடையது.

திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த அப்பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். மருளை நீக்குபவர் என்பது அதன் பொருள். அவர் சமண நெறி புக்குப் பாடலிபுத்திரத்தில் வாழ்ந்தபோது அந்நெறியார் தந்த பெயர் தருமசேனர். சூலைநோய் வருத்த, தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்தே பதிகம் பாடியபோது இறைவன் அருளிய பெயர் நாவுக்கரசு. சீகாழியிலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் அன்பினால் அழைத்த பெயர் அப்பர்.

பெயர்கள் நான்கு, கொடுத்தோரும் நால்வர். பெற்றோர், பிற நெறியார், இறைவன், ஓர் இளங்குழந்தை. அவரே தமக்குச் சூட்டிக்கொண்டது ஒன்றேனும் இல்லை. தருமசேனர் என்னும் பெயரைச் சேக்கிழார் மறைத்தாரும் இல்லை. மருளை நீக்குபவர் என்று பெயர் பெற்றவரே மருளுட்பட்டு மீண்டார் என்பதை மறைத்துவிட்டால், அருளின் பெருமை எங்ஙனம் விளங்கும்?

அப்பர் காலத்துப் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர் துணிபு. குடைவரைக் கோயில்களை எடுப்பித்தவன்; மத்தவிலாசம் என்னும் நாடகம் இயற்றிய புலவன். அவனுக்கும் பெயர்கள் பல. விசித்திரசித்தன், குணபரன், சத்துருமல்லன், மத்தவிலாசன், இலளிதாங்குரன் என விருதுகள் பலவற்றைக் கல்லிலே பொறிப்பித்தான். அவற்றைப் படிப்பார் இன்று கல்வெட்டறிஞரே. குணபரன் என்னும் ஒன்று மட்டும் அடியார் செவிக்கு எட்டுகிறது. எதனால்? திருவதிகையிலே அவ்வரசன் எடுத்த குணபர ஈச்சரத்தைச் சேக்கிழார் கூறுவதனால். கோயிலோடு சேர்ந்த பெயர் நம்மிடையே நின்றது; ஏனையவை கல்லளவில் நின்றன.

கல்லிற் பொறியாத பெயர் எங்ஙனம் நிலைக்கும் என்பார்க்குத் திங்களூர் அப்பூதியடிகள் விடை கூறுவார். நாவுக்கரசரைக் கண்ணாற் காணுமுன்னரே, தம் மக்களுக்கும், ஆவுக்கும், எருமைக்கும், அளவைக்கும், நிறைகோலுக்கும், தண்ணீர்ப் பந்தருக்கும் அப்பெயரையே இட்டவர் அவர். உம் பெயரை எழுதாது பிறர் பெயரை எழுதியது ஏன் என்று அப்பரே வந்து வினவினார்; வினவியவர் இன்னார் என்றறியாத அடிகள் சினந்தார். ஒருவருக்கே உரிய பெயர் ஒரு மனை முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று. இலக்கணம் கூறாத இவ்விதியைக் கூறியது அன்பு.

இனித் தஞ்சைக்கு வருவோம். அருண்மொழி என்னும் இயற்பெயரும் இராசராசன் என்னும் அரசுப்பெயரும் உடைய சோழன், சிவபாதசேகரன் என்னும் பெயரையும் உவந்து பூண்டான். 1010இல் நிறைவுற்ற அவனது இராசராசேச்சரத்திலே, திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் 48 பேர்க்கும் உடுக்கையும் மத்தளமும் வாசிப்பார் இருவர்க்குமாக 50 பேர்க்கு, தலைக்கு நாள்தோறும் முக்குருணி நெல் அளிக்க ஏற்பாடு செய்தான். அவர்தம் பெயர்கள் கல்வெட்டிலே உள. அப்பெயர்களுள் பலவற்றில் இயற்பெயரையும், 'சிவன்' என முடியும் தீக்கைப்பெயரையும் இணைத்து நிற்பது ஒரு சிறு சொல். 'ஆன' என்பதே அது. இன்னார் ஆன இன்னசிவன் என்று அக்கல் பேசுகின்றது.

அச்சிறு சொல்லை நாம் எளிதாகக் கடந்துவிடுதல் ஆகாது. 'ஆன' என்பதற்கு முன் நிற்பது பிறந்தபோது இட்ட பெயர்; பின் நிற்பது வாழ்ந்து பெற்ற பெயர். மருணீக்கியாரை நாவுக்கரசர் ஆக்கியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துன்பமும் தொண்டுமே. நம் ஒவ்வொருவர்க்கும் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது நம் முயற்சியால் வந்ததன்று. அதன் பின்னே 'ஆன' என்று எழுதி, அடுத்து எழுதுதற்குரிய பெயரைத் தேடிக்கொள்வதே நம் கடன். அப்பெயரை நாமே சூடிக்கொள்ளல் இயலாது. தொண்டு செய்து காத்திருத்தல் இயலும். அதற்குரிய தகுதியை எம்பெருமான் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.