ஓசூர் மலர்களும் அவற்றின் விலையும்

வேளாண்மையின் வரலாற்றை விளைச்சலின் கணக்கைக் கொண்டே எழுதுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்விளைச்சலுக்காக மண்ணும் நீரும் உழைப்பாளரும் என்ன கொடுத்தனர் என்னும் கணக்கு எழுதப்படுவதில்லை. இவ்விரண்டாம் கணக்கைத் தமிழகத்தின் எல்லைப்புறமாகிய ஓசூர்ப் பகுதியைக் கொண்டு ஆராய முற்படுவோம்.

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஓசூர், முன்னாளில் கேழ்வரகும் கொள்ளும் அவரையும் மானாவாரியாக விளைந்த மேட்டுநிலமாகும். ஆட்டுமாட்டு எருவே அந்நிலத்தின் உரமாயிருந்தது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பெங்களூரு அருகிருந்தமையாலும், தட்பவெப்பம் இதமாயிருந்தமையாலும், ஆழ்துளைக் கிணறுகள் பெருகியமையாலும், முட்டைகோசும் தக்காளியும் குடைமிளகாயும் பரவின. பின்னர்ப் பசுமைக்குடில்களில் ரோஜா வந்தது. டிட்கோவின் பங்கேற்புடன் அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா மலர்ப்பூங்கா அமைந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, இப்பகுதி மலர் ஏற்றுமதிக்குப் பெயர் பெறலாயிற்று.

ரோஜா எளிதில் நோயுறும் பயிர். செஞ்சிலந்தி, இலைப்பேன், சாம்பல் நோய் ஆகியவை அதனை விடாது தொடர்கின்றன. இதழில் ஒரு புள்ளி இருப்பினும் சந்தை அதனை ஏற்பதில்லை. ஒரு பூச்சி காணப்படினும் அயல்நாட்டுத் துறைமுகம் பெட்டியைத் திருப்பிவிடக்கூடும். மேலும், மலர் உணவுப்பொருள் அன்று. ஆகவே உணவில் எஞ்சும் நஞ்சுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு மலருக்குப் பொருந்துவதில்லை. உண்பவர் இல்லாவிடினும், அதனைப் பறித்துத் தரம் பிரித்துக் கட்டும் கைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள். தெளித்த நஞ்சு மூடிய குடிலுக்குள் எளிதில் கலைவதில்லை என்பதையும் நாம் கருத வேண்டும்.

நஞ்சைத் தெளிப்பதை நம் மக்கள் 'மருந்து அடித்தல்' என்கின்றனர். இச்சொல்லே ஒரு வரலாற்றைக் கூறுகிறது. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் கண்டறிந்த பவுல் முல்லருக்கு, 1948-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசே அளிக்கப்பட்டது. ஆயின் ஐந்தே ஆண்டுகளில், அதாவது 1953-இல், முட்டைகோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி டி.டி.டி.க்கு அடங்குவதில்லை என்னும் செய்தி ஜாவாத் தீவிலிருந்து வெளிவந்தது. நஞ்சுக்குத் தப்பிய பூச்சிகளே பெருகுகின்றன. உழவர் அளவைக் கூட்டுகிறார். பூச்சியை உண்ணும் நற்பூச்சிகளோ முதலில் மடிகின்றன. கடன்பட்ட உழவர் இச்சுழலிலிருந்து தாமாக வெளிவருதல் அரிது.

சட்டம் இதில் எவ்வாறு நடந்துகொண்டது? 1958-இல் கேரளத்தில், கப்பலில் பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1968-இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. 1984-இல் போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையின் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது; உச்சநீதிமன்றத் தடை 2011-இல்தான் கிடைத்தது. மரணம் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே சட்டம் விழித்தது என்பதே இவ்வரலாறு.

ஓசூரில் நேர்வதோ மெல்ல நேர்வது. ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாதது. தென்பெண்ணை பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்தே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கு எழும் நுரையின் பழியை உழவர்மேல் சுமத்துதல் நீதியன்று. ஆயினும் பயிர் உறிஞ்சாத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் இறங்குகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தமிழகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மாதிரிகளில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்திருந்தது. உரமும் கழிவுநீரும் இதற்குக் காரணங்கள். பாறையிலிருந்தே ஃப்ளோரைடு கலக்கும் நிலத்தடி நீரைக் குடித்துவந்த இம்மாவட்டத்து மக்களுக்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், இங்கு நீரின்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதன் பொருள் விளங்கும்.

ஆகவே விளைச்சல் கணக்கில் இலாபமாகத் தோன்றுவதன் ஒரு பகுதி, உண்மையில் பிறர்மேல் ஏற்றப்பட்ட செலவேயாகும். பறிப்பவரின் உடலும், அண்டைவீட்டாரின் கிணறும், இனிவரும் தலைமுறையின் மண்ணும் அச்செலவைச் செலுத்துகின்றன.

திருமணத்திற்கும் அடக்க ஆராதனைக்கும் பண்டிகைகளுக்கும் ஆலயங்களை மலரால் அலங்கரிக்கும் சபைகள் இதில் வெறும் பார்வையாளர் அல்லர், அவை வாங்குவோர். தெளித்த எத்தனை மணிநேரத்திற்குப்பின் தொழிலாளர் குடிலுக்குள் அனுப்பப்படுகின்றனர்? 1971ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கிய பாதுகாப்பு உடை அவர்களுக்குக் கிடைத்துள்ளதா? இவற்றை வினவ வாங்குவோருக்கு உரிமையுண்டு. ஓசூரைச் சூழ்ந்த சேகரங்களில் பணியாற்றும் ஆயர்கள் அப்பெண்களின் வீடுகளுக்குச் செல்பவர்கள். அவர்களது இருமலையும் தலைவலியையும் செவிமடுப்பவர்கள். மற்றுமொரு சட்டம் பிறப்பதற்கு மற்றுமொரு சாவு வரவேண்டும் என்று காத்திராமல், கண்டதை எழுதிவைப்பதும் உரியோரிடம் எடுத்துரைப்பதும் அவர்களால் இயலும்.