மைசூர் அரண்மனையில் ஒரு ஜிம்

மைசூர் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மைசூர்பாகுதான் நினைவுக்கு வரும். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா கிண்டியது என்று ஒரு கதை உண்டு. அதே மன்னர் உடம்பைக் கட்டாக வைத்துக்கொள்ளும் வித்தைகளுக்கும் படியளந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இங்கே பொட்டி தட்டுகிற நம்மவர்கள் வார இறுதியில் கூடினால் ஒரு வாக்குவாதம் நிச்சயம். "வெயிட் தூக்குவதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு யோகாதான்" என்பார் ஒருவர். "யோகாவெல்லாம் ரிட்டையர் ஆனபிறகு பார்த்துக்கலாம்" என்பார் இன்னொருவர். பேசி முடிப்பதற்குள் இருவரும் மூன்றாம் முறை பிரியாணி போட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கு மைசூர் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

மைசூரில் பழைய உடற்பயிற்சிக்கூடத்துக்குக் 'கரடி மனை' என்று பெயர். மிருகத்தை நினைத்துவிடாதீர்கள், கன்னடத்தில் முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழிலும் சிலம்பம் பழகும் இடத்தைக் கரடிக்கூடம் என்று சொன்னதுண்டு. செம்மண் கோதா, கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி இதெல்லாம்தான் அங்கே பாடத்திட்டம். விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில் மொட்டைத் தலையோடு மல்லர்கள் மோதும் வஜ்ரமுஷ்டி இன்றும் உண்டு. முதல் ரத்தத்துளி தெரிந்ததும் ஆட்டம் முடிந்தது.

நால்வடியாருக்கு முன்னோரான மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) காலத்து 'ஸ்ரீதத்வநிதி' என்ற ஏட்டில் 122 ஆசனங்கள் படங்களோடு இருக்கின்றன. கயிற்றைப் பிடித்துச் செய்பவையும் அதில் அடக்கம்.

1933-ல் நால்வடியார் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார் கிருஷ்ணமாச்சாரியார். அவருடைய 'யோக மகரந்தம்' 1934-ல் கன்னடத்திலும் 1938-ல் தமிழிலும் வந்தது. பின்னாளில் அவர் சென்னைக்கே குடிவந்துவிட்டார். மைசூரில் அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், அவருடைய மைத்துனர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று வரிசையாக வாங்கி நோஞ்சானாகிப்போன 15 வயதுப் பையன். அந்தப் பையன்தான் பி.கே.எஸ். ஐயங்கார். 2014-ல் மறைந்தபோது அவருக்கு வயது 95. இன்னொரு மாணவர் பட்டாபி ஜோயிஸ். இன்று உலகமெங்கும் இருந்து ஆட்கள் பாய் சுருட்டிக்கொண்டு மைசூர் கோகுலத்துக்குப் போவது அவர் பரப்பிய அஷ்டாங்க முறைக்காகத்தான்.

இனிதான் விஷயம். யோகசாலை நடந்த அதே ஜகன்மோகன் அரண்மனையில் உடற்கட்டுப் பயிற்சியும் நடந்தது. நடத்தியவர் அனந்தராவ். அவருடைய குரு பெங்களூரில் ஜிம் வைத்திருந்த கே.வி. அய்யர். அய்யர் பார்பெல் தூக்கினார், சூரிய நமஸ்காரத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார், தபால் வழியே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், போதாக்குறைக்குக் கன்னடத்தில் 'சாந்தலா' என்ற நாவலும் எழுதினார். இரும்பா ஆசனமா என்ற சண்டையே அவருக்கு இல்லை. இரண்டும் ஒரே உடம்புக்குத்தானே!

இன்றைய யோகா எந்த அளவுக்கு மல்யுத்தக் கூடங்களிடமிருந்தும் மேல்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்தும் எடுத்துக்கொண்டது என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் பாடு. 1930-களின் மைசூரில் இவையெல்லாம் அக்கம்பக்கத்தில் இருந்தன என்பதே நமக்குப் போதும்.

ஓட்டம்? அதற்கும் அந்த ஊரில் இடமிருக்கிறது. சாமுண்டி மலைக்கு 17-ம் நூற்றாண்டில் போட்ட ஆயிரம் படிகளில் விடியற்காலையில் பக்தர்களோடு பயிற்சிக்காரர்களும் ஏறுகிறார்கள். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலையும் மாலையும் நடப்பவர்களும் ஓடுபவர்களும்தான். நம் ஆர்.கே. நாராயண் இந்த ஊர்த் தெருக்களில் தினசரி நடந்தே தன் கதைமாந்தர்களைப் பிடித்தவர்.

சாப்பாட்டுக்கும் யோக நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன. வயிற்றில் கால் பங்கு காலியாக இருக்கட்டும் என்கிறது ஹடயோகப் பிரதீபிகை. மைசூர்க் கிராமத்து ஆட்கள் கேழ்வரகு களியும் கீரைச் சாறும் சாப்பிட்டுத்தான் ஏர் பிடித்தார்கள், கோதாவிலும் இறங்கினார்கள்.

நமக்கு இது வெறும் பழங்கதை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது: உடல் நிறை குறியீட்டெண் பொதுவாக 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்றாலும், ஆசியர்கள் 23-லிருந்தே கவனமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தொப்பையோடு ஜம்மென்று இருக்கிறாரே என்று நாமும் இருந்தால், சர்க்கரை நம்மிடம்தான் முதலில் வரும். நாற்பதைத் தொடுவதற்குள் மாத்திரை டப்பாவோடு அலைகிற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள்.

ஆகவே மகாஜனங்களே, வாரத்தில் இரண்டு நாள் இரும்பு, மூன்று நாள் ஓட்டமோ வேக நடையோ, மிச்ச நாளில் நாலு ஆசனம். பிள்ளைகளையும் இழுத்துக்கொள்ளுங்கள். யாராவது "இது நம்ம பண்பாடு இல்லையே" என்று இழுத்தால் ஜகன்மோகன் அரண்மனையைக் கைகாட்டுங்கள். மைசூர்பாகா? தீபாவளிக்கு ஒன்று. ஒன்றே ஒன்று.