கூண்டுக்குள் அம்பேத்கர்: சிலைப் பாதுகாப்பில் ஊராட்சிகளின் பொறுப்பு

விழுப்புரம் மாவட்டம் மேல்சித்தாமூரின் மலைநாதர் கோயிலில், பாறையில் செதுக்கப்பட்ட பார்சுவநாதர், பாகுபலி உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிலைத்திருக்கின்றன. தமிழ்ச் சமணரின் மடம் அதே ஊரில் இருப்பதால், அவற்றைப் பேணுவது யார் என்ற கேள்வி எழுவதில்லை. தமிழகச் சாலையோரங்களில் நிற்கும் அம்பேத்கர் சிலைகளின் நிலை வேறு. சேரி மக்கள் காசு திரட்டி நிறுவிய சிலையை இரும்புக் கூண்டுக்குள் அடைப்பதே பல ஊர்களில் ‘பாதுகாப்பு’ எனப்படுகிறது. உடைப்பவரைத் தடுக்க இயலாத நிர்வாகம், உடைபடக்கூடியவரைச் சிறை வைக்கிறது.

தொல்லியல் சட்டத்தின் எல்லை

1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம், குறைந்தது 100 ஆண்டுப் பழமையுள்ள சின்னங்களையே காக்கிறது. அம்பேத்கர் வாழ்ந்த காலத்திலேயே நிறுவப்பட்ட கோலாப்பூர் பிந்து சௌக் சிலைகூட 1950இல் எழுந்ததுதான். ஆகவே ஒடுக்கப்பட்டோரின் நினைவுச் சின்னங்கள் ஏறத்தாழ அனைத்தும் இச்சட்டத்திற்கு வெளியே நிற்கின்றன.

குற்றவியல் சட்டம்

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உயர்வாக மதிக்கும் பொருளைச் சேதப்படுத்துவது வன்கொடுமைக் குற்றமாகும். சிலை, நிழற்படம், உருவப்படம் ஆகியவை இதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. எனினும் இச்சட்டம் சேதம் நிகழ்ந்த பின்னரே செயற்படுகிறது.

2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. மறுநாளே அரசு புதிய சிலையை நிறுவியது. அரசு விரும்பினால் ஒரே நாளில் பொறுப்பேற்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த விரைவு, கலவரம் மூண்டால்தான் வாய்க்கிறது.

நீதிமன்ற ஆணைகள்

பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதி வழங்கக் கூடாது என 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பொது இடச் சிலைகளை அகற்றித் ‘தலைவர்கள் பூங்கா’வில் வைக்குமாறு 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. சாலைப் பாதுகாப்பு நோக்கில் இவற்றுக்கு நியாயம் உண்டு. ஆயினும் சொந்த நிலமும் மண்டபமும் உடைய சமூகத்தாரை இவை அதிகம் பாதிப்பதில்லை. புறம்போக்கு நிலத்தையே நம்பியிருப்போரைத்தான் பாதிக்கின்றன. பூங்காவிற்கு இடம் பெயரும் சிலை, தெருவில் நடக்கும் உரிமையைப் பறைசாற்றும் ஆற்றலையும் இழக்கிறது.

ஊராட்சியின் இடம்

அரசியல் சட்டத்தின் பதினொன்றாவது அட்டவணை ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களை வகுக்கிறது. ‘பண்பாட்டு நடவடிக்கைகள்’ 21ஆவது. ‘சமூகச் சொத்துகளைப் பராமரித்தல்’ 29ஆவது. மாநில அரசு ஒப்படைக்கும் அளவிற்கே இவை ஊராட்சியின் அதிகாரமாகின்றன என்பது உண்மை. எனினும் சிலையைச் சமூகச் சொத்தாகக் கருதுமாறு கோர இதுவே அடிப்படை. இப்போது அது காவல் நிலையத்தின் சட்டம்-ஒழுங்குச் சிக்கலாகவும் வட்டாட்சியரின் ஆக்கிரமிப்புக் கோப்பாகவுமே இருக்கிறது.

ஊராட்சி என்பது சாதியற்ற அமைப்பன்று. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், தலித் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவரே கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்டார். தலைவருக்கே நாற்காலி மறுக்கும் மன்றத்திடம் சிலையை நிபந்தனையின்றி ஒப்படைக்க இயலாது. ஆகவே, சிலையைச் சார்ந்த மக்களின் இசைவின்றி இடமாற்றமோ கூண்டோ கூடாது என்பதும் தீர்மானத்தின் பகுதியாக வேண்டும்.

கிராம சபையில் கோர வேண்டியவை

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கு நான்கு கோரிக்கைகளைத் தீர்மானமாக்கலாம்:

1. சிலை, நிலத்தின் வகை, நிறுவிய ஆண்டு ஆகியவற்றை ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் சேர்த்தல்.
2. அனுமதி பெறாத சிலைகளுக்கு மாவட்ட நிர்வாகத்திடம் முறைப்படி ஒப்புதல் கோருதல். இயலாவிடில் அதே ஊரில் பொது இடம் ஒதுக்குதல்.
3. கூண்டுக்கு மாற்றாகத் தெருவிளக்கும் கண்காணிப்புப் படக்கருவியும் அமைத்தல்.
4. பராமரிப்புக் குழுவில் தலித் பெண்களுக்கும் இளைஞருக்கும் பெரும்பான்மை அளித்தல்.

தீர்மானத்தின் படியைக் கேட்டுப் பெற்று வைத்திருத்தல் இன்றியமையாதது. பதிவேட்டில் ஏறாத சிலை என்றும் ‘ஆக்கிரமிப்பு’ ஆகலாம். ஏறிய சிலையை அகற்ற முனைவோர் எழுத்தில் காரணம் கூற வேண்டியிருக்கும்.