வழிகாட்டியும் வாயிற்காவலனும்

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்படும் வறியவனுக்கு, இன்ன வழியே செல், இன்னாரைக் காண் என்று நெறிப்படுத்துவதே அவற்றின் பொது அமைப்பு. நம் காலத்தில் இந்தப் பணியைச் சிறு பெட்டியொன்று செய்துவருகிறது. அலுவலக மூலைகளில் பச்சை விளக்குகள் மினுங்க உட்கார்ந்திருக்கும் ரௌட்டரைத்தான் சொல்கிறோம். வியப்பு என்னவெனில், வருவோரை மறித்து நிறுத்தும் வாயிற்காவலனும் அதே பெட்டிக்குள் குடியிருக்கிறான். வழி சொல்பவனும் வழி மறிப்பவனும் ஒருவனேயான வரலாறு, ஒருவகையில் நம்பிக்கை தேய்ந்த வரலாறுமாகும்.

செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வழியனுப்பும் சிந்தனை 1960களில் ஈரிடங்களில் பிறந்தது. அமெரிக்காவில் பால் பாரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் அறுந்துபோகாத தொடர்பை நாடினார். இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ், பலர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வழியை நாடினார். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு முதற்செய்தி சென்றது. ‘லாகின்’ என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துக்கள் சேர்ந்தவுடன் மறுமுனைக் கணினி முடங்கியது. இடையே நின்று வழிப்படுத்தியவை, குளிர்பதனப் பெட்டியளவு இருந்த ஐ.எம்.பி. எனும் கருவிகள். இன்றைய ரௌட்டரின் முன்னோர் அவையே.

ரௌட்டர் வணிகப் பொருளானது ஸ்டான்ஃபோர்ட் வளாகத்தில். அங்கே வெவ்வேறு துறைகளின் கணினிகள் வெவ்வேறு மொழி பேசின. அவற்றை இணைக்கும் மென்பொருளை வில்லியம் யேகர் என்னும் பொறியாளர் எழுதினார். அங்குப் பணியாற்றிய லெனார்ட் போசாக், சாண்ட்ரா லெர்னர் தம்பதியர் 1984 டிசம்பரில் சிஸ்கோவைத் தொடங்கினர். 1987இல் அம்மென்பொருளுக்கான உரிமத்தைப் பல்கலைக்கழகம் அந்நிறுவனத்துக்கு அளித்தது. கணவனும் மனைவியும் கடிதம் எழுதிக்கொள்ள விரும்பியதால் ரௌட்டர் பிறந்தது என்றொரு கதை நெடுநாள் வழங்கிவந்தது. கதை சுவையானதுதான். ஆனால் அந்தச் சுவையில் யேகரின் பெயர் கரைந்துபோயிற்று.

அந்நாளைய இணையம் பெரும்பாலும் ஆய்வாளர்களின் ஊர். கதவுகள் திறந்தே கிடந்தன. 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் ஏவிய கணினிப் புழு அந்த ஊருக்குள் புகுந்தது. மின்னஞ்சல் மென்பொருளின் ஓட்டைகளும் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களும் அதற்குப் பாதையாயின. ஏறத்தாழ 6,000 கணினிகள், அதாவது அன்றைய இணையத்தில் பத்திலொரு பங்கு, பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டனர். அதன் பின்னரே சுவர்கள் விரைந்து எழுந்தன. ஒரு வீட்டின் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்கும் சுவருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ‘ஃபயர்வால்’ என்ற பெயரே இதற்கும் நிலைத்தது.

தொடக்கத்தில் இதற்கெனத் தனிக்கருவி எப்போதும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எங்கே போகிறது என்பதை ரௌட்டர் எப்படியும் பார்த்தாக வேண்டும். எங்கிருந்து வருகிறது, எந்தச் சேவையை நாடுகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும். இதற்கான விதிகளின் பட்டியலை அது மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் விதியோடு நிற்கும். சிஸ்கோ ரௌட்டர்களில் அப்பட்டியலின் முடிவில் எவரும் எழுதாத வரியொன்றும் உண்டு: வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது யாவும் மறுக்கப்படும்.

இக்காவலனுக்கு ஒரு குறை, நினைவாற்றல் இல்லாமை. உள்ளிருந்து சென்ற கேள்விக்கு வரும் விடையையும், அழையாது வந்த அன்னியனையும் அவனால் சரிவரப் பிரித்தறிய இயலவில்லை. 1994இல் செக்பாயின்ட் வெளியிட்ட ‘ஃபயர்வால்-1’ இக்குறையைத் தீர்த்தது. யார் யாரிடம் பேசத் தொடங்கினர் என்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, உரிய மறுமொழியை மட்டும் அது உள்ளே விட்டது. நாளடைவில் இந்நுட்பம் சிறு அலுவலக ரௌட்டருக்குள்ளும் வந்து அமர்ந்தது.

ஆயினும் சுவரின் வலிமை சுவரில் மட்டும் இல்லை. 2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்னும் புழு பரவியது. அதன் நீளம் வெறும் 376 பைட். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தின் ஃபயர்வால் அப்புழுவைத் தடுக்கும்படியே அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து, அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு செல்லும் இணைப்பு ஒன்று இருந்தது. புழு அவ்வழியே நுழைந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் அமைப்பு ஏறக்குறைய 5 மணி நேரம் செயலிழந்தது. உலை அப்போது நிறுத்தப்பட்டிருந்ததால் பேரிடர் நேரவில்லை. ஸ்லாமர் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தும் அங்கே அது நிறுவப்படவில்லை.

கோட்டைகளின் வரலாறு அறிந்த நமக்கு இது புதிதன்று. மதிலைத் தாண்டி வீழ்த்தப்பட்ட கோட்டைகளோடு, திட்டிவாசல் திறந்து வீழ்ந்தவையும் உண்டு. 2010க்குப் பின், மதிலுக்கு உள்ளிருப்பவரையும் ஒவ்வொரு முறையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடு வலுப்பெற்று வருகிறது. பாதுகாப்பு நோக்கில் அது சரியே. ஆனாலும், எதிர்ப்பட்டவனுக்கெல்லாம் வழி சொல்லப் பிறந்த கருவி, எல்லாரையும் ஐயுறும் கருவியாக முதிர்ந்ததை எண்ணும்போது, இழந்தது சிறிதன்று என்றே தோன்றுகிறது. எழுதப்படாத அந்தக் கடைசி வரியை எழுதியவர்கள், கதவுகளைத் திறந்துவைத்து வாழத் தெரியாத நாம்தாம்.